உயிரோடு இருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி

சுண்ணாம்பு இல்லை அக்கா, பசை. மைதாவைக் காய்ச்சிய பசை. காய்ந்துபோய்விட்டது, உங்கள் புடவையில் ஒட்டாது. பயப்படாமல் நன்றாக நகர்ந்து உட்காருங்கள். நாகப்பட்டினம் வரைக்கும் இந்தப் பேருந்தில் இடம் காலியாகாது.

போஸ்டர் ஒட்டினேன். நானேதான், இன்றைக்கு விடியுமுன். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்.

ஐயோ, இல்லை, எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. எனக்கு அவர் உறவும் இல்லை. சொல்லப்போனால் அந்த மனிதர் சாகவும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் பொதுவாக யாரிடமும் பேசமாட்டேன். என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே என்னோடு காலேஜ் முடித்த பெண்கள் உண்டு. பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவேன், அவ்வளவுதான். பேசாதவர்களுக்கு ஒரு வசதி. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்த்ததை நான் மறப்பதும் இல்லை. ஆனைக்கும் உனக்கும்தான்டி வஞ்சம் ஆறாது என்பாள் அம்மா. இருக்கட்டுமே. நியாயம் என் பக்கம் இருக்கிறதா இல்லையா, நீங்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கயாக் பார்த்திருக்கிறீர்களா? ஓர் ஆள் காலை நீட்டி உட்காருகிற ஒல்லிப் படகு. இன்ஜின் கிடையாது, பாய் கிடையாது. இரண்டு முனையிலும் அலகு வைத்த ஒரு துடுப்பு, நம் கை, அவ்வளவுதான். என்னுடையது மஞ்சள் நிறம். கடற்கரை நெடுக அதற்கு வாழைப்பழம் என்றே பேராகிவிட்டது. அதில் பழவேற்காட்டிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் போவது என்று கிளம்பினேன், பொங்கல் முடிந்த கையோடு. தனியாக. யார் உதவியும் இல்லாமல். இந்த ‘உதவி இல்லாமல்’ ரொம்ப முக்கியம் அக்கா. ஒருவர் கை கொடுத்தாலும் அது வேறு கணக்கு, சாதனை இல்லை.

ஆனால் நம் கடற்கரையில் உதவி இல்லாமல் ஒரு நாள் இருந்து பாருங்கள் பார்ப்போம். விடமாட்டார்கள். ஓர் ஊரில் நான் இறங்குவதற்குள் ஏழெட்டுப் பெண்கள் ஓடிவந்து படகை என்னோடு சேர்த்தே தூக்கி மணலில் வைத்துவிட்டார்கள். இறக்கிவிடுங்கள், நானே இழுக்கவேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். இன்னோர் ஊரில் டீக்கடைக்காரர் எனக்குத் தெரியாமல் அவித்த முட்டைகளைப் படகின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நடுக்கடலில் திறந்து பார்க்கிறேன், முட்டை. நாளைக்கு யாராவது கேட்டால் அந்த முட்டைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பசித்தது, தின்றேன். அது வேறு விஷயம். தரங்கம்பாடி தாண்டியபிறகு ஒரு ஃபைபர் படகு எனக்குப் பின்னாலேயே வந்தது. மீன் பிடிக்கிறார்களாம். வலையே போடாமல் மீன் பிடிக்கிறவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காற்று விஷயத்தில் மட்டும் நான் யாரையும் கிட்டே விடவில்லை. போனில் பார்ப்பேன். பச்சை என்றால் போவேன், சிவப்பு என்றால் இருப்பேன். ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார். தலையாட்டுவேன், அப்புறம் போனைப் பார்ப்பேன். ஒருமுறை ஒருவர் காற்று வரும் என்றார், வரவே இல்லை. அதிலிருந்து தலையாட்டுவதையும் குறைத்துக்கொண்டேன்.

இப்படியே முனைமேட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் வேதாரண்யத்தில் ஏறினேன் என்றீர்களே, அதற்குக் கொஞ்சம் வடக்கே. சின்ன மீனவ ஊர். அதைத் தாண்டினால் கோடியக்கரை முனை. முனையைச் சுற்றிவிட்டால் அந்தப் பக்கம் பாக் நீரிணை, அலை குறைவு, தனுஷ்கோடி கண்ணுக்குத் தெரிகிற மாதிரிதான். முனையைச் சுற்றுகிற அந்த ஒரு நாள்தான் என் பயணமே.

கரையில் என் படகைப் பிடித்தவர் பேர் பக்கிரிசாமி. பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும். முன்பல் ஒன்று இல்லை, அதனால் எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அவர் மனைவி அமராவதி. அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. சாயங்காலம் ஊர்த்தலைவர் வந்தார். அங்கே நாட்டார் என்பார்கள். வந்தவுடனே ஆரம்பித்தார்.

“நாளைக்குப் போவாத பாப்பா. கெழக்க பாரு, மேகம் அடியில கோடு இழுத்த மாதிரி கெடக்கு. தண்ணி இம்புட்டு சும்மா கெடக்கக் கூடாது. மதியத்துக்கு மேல கொண்டக் காத்து கெளம்பும்.”

நான் போனைக் காட்டினேன். ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். நாத்தங்கால் கணக்கா நல்ல பச்சையா இருக்கே என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பக்கிரிசாமி மட்டும் போனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வயசு என்ன என்று கேட்டார். சொன்னேன். எங்க கபிலனுக்கு நீ ரெண்டு வயசு மூப்பு என்றார். வெளியூரில் வேலை பார்க்கிற மகன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு பேச்சை மாற்ற நாட்டார் என் படிப்பைக் கேட்டார். அங்கேதான் நான் தவறினேன் அக்கா. சமூகவியல் என்றேன். கடற்கரை ஊர்களின் கட்டுப்பாடுகள் பற்றிக் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன் என்றேன். எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊர்க்கட்டு என்ன என்று கேட்டு அதன்படிதான் நடப்பேன், இதுவரை ஒன்றைக்கூட மீறியதில்லை என்றேன். அப்படியா பாப்பா, அப்படியா பாப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேசாதவள் ஒரு நாள் வாயைத் திறந்தால் இதுதான் கதி.

மறுநாள் விடியும்போது படகைத் தண்ணீருக்கு இழுக்கிறேன். தெருவிலிருந்து ஓலம். பெண்கள் குரல். ஒன்று, அப்புறம் நாலைந்து. நாட்டார் தோளில் துண்டோடு வந்தார்.

“பக்கிரிசாமி போயிட்டாரு பாப்பா. ராவுல நெஞ்சு வலின்னு ஆசுபத்திரிக்குத் தூக்குனாங்க, போற வழியில முடிஞ்சிருச்சு. பொணம் எடுக்கிற வரைக்கும் இந்த ஊர்த் தண்ணியில ஒரு கட்டுமரம் எறங்கப்படாது. ஊர்க்கட்டு. ஒனக்கு நான் சொல்லணுமா?”

சொல்லவேண்டாம்தான். என் கட்டுரையில் அது தனித்தலைப்பு. ஓர் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். கடல் எண்ணெய் விட்ட மாதிரி கிடந்தது. போன் பச்சையாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு படகைத் திரும்ப மேலே இழுத்தேன். முந்தின ராத்திரி எனக்கு மீனில் முள் எடுத்துப் போட்டவர் அக்கா.

சாவு வீட்டுக்குப் போனேன். உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை என்றார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓரமாக உட்கார்ந்தேன். அமராவதியக்கா தலையை விரித்துப்போட்டுப் பாடி அழுதார். நான் அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன். உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். எங்கள் அப்பா போனபோது நான் அழவில்லை. வீடு நிறைய ஆட்கள், அத்தனைபேர் முன்னால் அழக் கூச்சம், அடக்கிக்கொண்டேன். நெஞ்சழுத்தக்காரி என்று அத்தைகள் காதுபட பேசினார்கள். முனைமேட்டில் என்னை யாருக்குத் தெரியும்? அப்பாவுக்கும் சேர்த்து அங்கே அழுது தீர்த்தேன். அமராவதியக்கா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அதை மறந்துவிடாதீர்கள். அதுதான் என் வழக்கு. என் அழுகையை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள்.

மதியத்துக்கு மேல் காற்று வந்தது. வரவில்லை என்று நான் சொல்லவில்லை. மணல் பறந்தது, கொட்டகைக் கீற்று பறந்தது, அலை கரைமேட்டில் ஏறியது. பக்கத்து ஊரில் ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ராத்திரி கரை சேர்ந்தார்களாம். அவர்கள் கவனக்குறைவு, அதற்கு நான் என்ன செய்யமுடியும்? நான் விடிகாலையில் கிளம்பியிருந்தால் மதியத்துக்குள் முனையைத் தாண்டியிருப்பேன். தாண்டியிருப்பேன் அக்கா. கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்தே அடக்கத்துக்கு எடுத்துப்போகிறோம் என்று சொல்லி அன்று சாயங்காலமே என்னை வேதாரண்யத்தில் தங்க அனுப்பிவிட்டார்கள். அப்புறம் காற்று இறங்கவே இல்லை. நாள்கணக்காக அடித்தது. கடலில் போக எனக்குக் கொடுத்திருந்த அனுமதிக் கெடு முடிந்துவிட்டது. படகை அவர்கள் கொட்டகையிலேயே போட்டுவிட்டுப் பேருந்தேறி எங்கள் ஊர் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். வாழைப்பழம் பழுத்துருச்சா என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

அப்போதும் எனக்குக் கோபம் இல்லை. சாவுக்கு யார்மேல் கோபப்படுவது? பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்வருவோம், அதுதான் முறை என்று அரிசி, காய்கறி எல்லாம் பையில் கட்டிக்கொண்டு முனைமேட்டில் போய் இறங்கினேன்.

கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார்.

யார் என்றா கேட்கிறீர்கள்? பக்கிரிசாமி அக்கா. செத்தவர். வாயில் வலை ஊசி. என்னைப் பார்த்தார். ஊசி விழுந்தது. எழுந்து கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார் பாருங்கள், ஒரு படகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தால் தலை தெரிகிறது. நான் காய்கறிப் பையோடு நிற்கிறேன். முதலில் ஒரு பையன் சிரித்தான். அப்புறம் கரையே சிரித்தது. ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏலத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். நான் என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெண்டைக்காய் வெளியே தெரிந்தது.

அவரே வந்தார் கடைசியில். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன்.

“காத்துன்னு சொன்னா நீ போனக் காட்டுற. சாவுன்னா தலையக் குனிஞ்சிக்குவேன்னு நீதானே பாப்பா சொன்ன?”

அன்றைக்கு முழுக்க அவர் எங்கே இருந்தார் தெரியுமா? அடுத்த ஊர் ஐஸ் கம்பெனியில். பொணத்துக்குத் தோதான எடம்தானே என்று அதையும் சொல்லிச் சிரிக்கிறார். செத்ததாகப் பொய்ச் சேதி வந்தால் ஆயுசு கெட்டியாம், அதனால் நான் நீ என்று போட்டி போட்டார்களாம். இவர்தான் முந்திக்கொண்டாராம். அமராவதியக்கா என் பையைப் பிடுங்கி, கொண்டாந்த காயி வீணாப் போவணுமா என்று அவியல் வைத்துச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் தொடவில்லை. சிதம்பரம் வரைக்கும் பட்டினி.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான்தான் எதையும் மறக்கமாட்டேனே. எவ்வளவு மட்டமான நடிப்பு தெரியுமா அக்கா? புருஷன் செத்ததாக அழுகிறவள் என்ன பாடவேண்டும்? என் ராசா, என் தாலிக்கொடி என்று பாடவேண்டும். அமராவதியக்கா ஒரு வரிகூட அப்படிப் பாடவில்லை. மீசை முளைக்கலையே, என் மாருல பால் வத்தலையே என்று பாடினார். ஒப்பாரியைக்கூட மாற்றிப் பாடத் தெரியவில்லை. சுவரில் மாலை போட்டு, சின்ன விளக்கு எரிய ஒரு படம். ஏதோ ஒரு பையன். புருஷன் படத்தைத் தேடி எடுத்து மாட்டக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. இதைக்கூடப் பார்க்காமல் நான் அழுதிருக்கிறேன்.

இன்னொன்று கேளுங்கள். அன்றைக்கு அந்த ஊரில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. காற்று மதியம்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இருட்டில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறவர்கள், தாராளமாகப் போய்வந்திருக்கலாம். போகவில்லை. அத்தனை பேரும் கரையில் குந்திக்கொண்டு சீட்டாடினார்கள். ஒரு பெண்ணை ஏமாற்ற ஓர் ஊரே வேலைக்குப் போகாமல் இருந்தது என்றால் எவ்வளவு கெட்ட மனசு இருக்கவேண்டும், சொல்லுங்கள்.

அதோடு விட்டார்களா? கரை நெடுகப் பரப்பிவிட்டார்கள். காலேஜ் பாப்பாவுக்காகப் பக்கிரிசாமி செத்த கதை. நாகப்பட்டினத்தில் டீ குடிக்க இறங்கினால் பக்கத்துப் பெஞ்சில் அதைத்தான் பேசுகிறார்கள். அந்தப் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

அதனால்தான் போஸ்டர். நீ செத்தாய் என்று ஊரே சொன்னது இல்லையா, சரி, செத்தவனாகவே இரு. முதல் நாள் சாயங்காலம் அவர் டீ கிளாஸோடு சிரிக்கிற படம் ஒன்று என் போனில் இருந்தது. அதைக் கொடுத்தேன். அச்சடிக்கிற இடத்தில் வழக்கமான வாசகம்தானே என்று கேட்டார்கள். வழக்கமானதே போதும் என்றேன். ‘கண்ணீர் அஞ்சலி. முனைமேடு பக்கிரிசாமி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்.’ கீழே இவண் என்று யார் பேர் போடுவது என்றார்கள். முனைமேடு கிராமவாசிகள் என்று போடச் சொன்னேன். அவர்கள் சொன்ன சாவுதானே. அவர்கள் பேரிலேயே இருக்கட்டும்.

விடிவதற்குள் ஒட்டி முடித்தேன். பேருந்து நிற்கிற இடம், ரேஷன் கடை, ஏலக்கொட்டகை. பக்கத்து ஊரிலும் இரண்டு. அப்புறம் அவர் வீட்டெதிரே டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பழி வாங்கினால் மட்டும் போதாது அக்கா, முகத்தைப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் பாதிதான்.

பார்த்தேன். போட்டா நல்லா விழுந்திருக்கே என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. ஒன்றைக் கிழியாமல் உரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். ரெண்டாந்தரம் செத்துட்டாரு, இனி எமனே வந்தாலும் வரிசையில நிக்கணும் என்று பெண்கள் கேலி செய்தார்கள். பையன்கள் எங்கிருந்தோ மாலை கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அவரும் கண்ணை மூடிக் காட்டுகிறார். நான் டீக்கடைத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எப்படி எரிந்திருக்கும் எனக்கு, நினைத்துப் பாருங்கள். சாபம் கொடுக்கப் போனவள் கல்யாணம் பண்ணிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒருவர் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் பெரிய ரோஜா மாலை, இன்னொரு கையில் மடிப்புக் கலையாத கோடி வேட்டி, செத்தவர்மேல் போர்த்துவதற்கு. மாமா, மாமா என்று கதறிக்கொண்டே தெருமுனையிலிருந்து ஓடிவருகிறார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

வந்தவர் நின்றுவிட்டார். எதிரே மாமா நாற்காலியில் மாலையோடு டீ குடிக்கிறார்.

அந்த முகம் எனக்குத் தெரியும் அக்கா. அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெண்டைக்காய்ப் பையோடு நான் வைத்துக்கொண்டு நின்ற முகம். நான் சிரிப்புக்குக் காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பையன்கள் போனைக் கீழே இறக்கினார்கள். பக்கிரிசாமி மாலையைக் கழற்றினார்.

டீக்கடை அம்மாதான் என் காதில் சொன்னார். அவர் பேர் வேதையன். அமராவதியக்காவின் தம்பி, பக்கத்து ஊர். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலையில், கடல் சும்மா கிடந்த நாள், அக்கா மகனைத் தன் படகில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். காற்று வரும், வேண்டாம் என்று பக்கிரிசாமி கரையில் நின்று தலையாலடித்துக்கொண்டாராம். கேட்கவில்லை. காற்றில் படகு கவிழ்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு இவர் திரும்பி வந்தார். கபிலன் வரவில்லை. அன்றிலிருந்து இந்தத் தெருவுக்குள் இவருக்கு வழி கிடையாது. பையனின் காரியத்துக்குத் தாய்மாமன் கோடி போடவேண்டும், அதற்குக்கூட வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நல்லதுக்கு வராவிட்டாலும் சாவுக்கு வந்தாகவேண்டும் இல்லையா, அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறார். என் போஸ்டரைப் பார்த்து.

நான் அடிதடி வரும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரட்டும் என்றுதான் நினைத்தேன். என்னை ஏமாற்றினீர்களே, இதோ இன்னொருத்தர் வந்திருக்கிறார், இவரிடம் சிரித்துப் பாருங்கள் என்று இருந்தது. வேதையன் கையை ஓங்கவில்லை. வேட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அமராவதியக்கா உள்ளேயிருந்து வாசற்படிக்கு வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வேதையன் அடிக்குரலில்தான் பேசினார். தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் கேட்டது.

“யாரு பெத்த புள்ளையோ, ஒரு பொண்ணு போயிறக் கூடாதுன்னு மாமா செத்துக் காட்டுனாராமே. அன்னைக்கு எனக்கும் யாராச்சும் செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே அக்கா. காத்துன்னு சொன்னாரு, நான் மதிக்கல. சாவுன்னா நின்னுருப்பேனே.”

அமராவதியக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு எங்களுக்குப் பொய் சொல்லத் தெரியலடா. நெசத்தையே சொல்லிக்கிட்டு நின்னோம்.”

அப்புறம் படி இறங்கி வந்து அவர் கையிலிருந்து அந்த வேட்டியை வாங்கினார். கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது. அது முறை, என் கட்டுரையில் அது இல்லை. உள்ளே போனார். வாசலிலிருந்து தெரிந்தது, அந்தப் பையன் படத்துக்குக் கீழே விரித்து வைத்தார். வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு வேதையன் செருப்பைக் கழற்றினார்.

யாரும் என்னைத் திட்டவில்லை அக்கா. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. கையெல்லாம் பசையோடு நிற்கிறேன், ஒட்டியது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நீதானா என்று ஒருவராவது கேட்கவேண்டாமா? கேட்டால் சொல்வதற்கு எவ்வளவு வைத்திருந்தேன். பேருந்துக்கு நின்றபோது பக்கிரிசாமிதான் பின்னாலேயே வந்தார். கண் சிவந்திருந்தது. படகு கொட்டகையில பத்திரமா இருக்கு, எலி கடிக்காம மேலே தூக்கிக் கட்டியிருக்கேன் என்றார். காற்று இறங்கிவிட்டதாம். அனுமதி வாங்கிவிட்டுச் சொன்னால், முனையைச் சுற்ற எந்த நாள் நல்ல நாள் என்று அவரே பார்த்துச் சொல்லியனுப்புவாராம். நீங்கள் சொன்னால் நான் நம்பவேண்டுமா என்று கேட்டேன். நம்பாதே பாப்பா, ஆனா கேளு என்றார்.

கூட ஒரு படகு வருமாம், தூரத்திலேயே. மீன் பிடிக்கவாம். யார் வருகிறார்கள் என்று கேட்டேன். வேதையனைத்தான் கேட்டுப் பார்க்கணும் என்றார்.

நான் மன்னிக்கவில்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள். என் நாள் போனது போனதுதான், என் அழுகை போனது போனதுதான். அனுமதி வாங்குவேன், போவேன். ஆனால் அவர் சொல்லியனுப்புகிற நாளில் போகமாட்டேன். அதற்கு மறுநாள் காலையில் காற்று எப்படி என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் போவேன். அந்த ஒரு நாள் அவரும் கரையில் உட்கார்ந்து காத்துக்கிடக்கட்டும்.

அவ்வளவுகூடப் பழி வாங்காமல் எப்படி அக்கா விடுவது?